பத்துக்கு எத்தனை?

2004 இலையுதிர்காலத்தில், சிகாகோவிலிருந்து இயங்கிய 'பிட்ச்ஃபோர்க்' என்ற இணைய இசை இதழ் இரண்டு ஆல்பங்களுக்கு மார்க் போட்டது. மான்ட்ரியல் நகரத்து இளைஞர்களின் ஆர்கேட் ஃபயர் குழு வெளியிட்ட முதல் ஆல்பம் 'ஃப்யூனரல்' பத்துக்கு 9.7 வாங்கியது. வாஷிங்டன்காரரான டிராவிஸ் மாரிசனின் முதல் தனி ஆல்பம் 'டிராவிஸ்தான்' வாங்கியது 0.0. முன்னதை வெளியிட்ட மெர்ஜ் ரெக்கார்ட்ஸ், ஒரு ராக் குழுவைச் சேர்ந்த இருவர் 1989-ல் வடக்குக் கரோலினாவில் தொடங்கிய சிறிய நிறுவனம். விமர்சனம் வந்த கையோடு சரக்கு தீர்ந்துபோய், கேட்ட கடைகளுக்கு அனுப்பத் தட்டு இல்லாமல் திண்டாடியது. மாரிசனுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். ஐந்து வருடம் முன்பு அவருடைய டிஸ்மெம்பர்மென்ட் பிளான் குழுவின் 'எமர்ஜென்சி அண்ட் ஐ' ஆல்பத்துக்கு 9.6 கொடுத்துக் கொண்டாடிய அதே இதழ்தான் இந்தப் பூஜ்யத்தையும் போட்டது. அதற்குப் பிறகு அவருடைய தனிப்பயணம் எழுந்து நிற்கவே இல்லை.

இரண்டு எண்கள் இரண்டு வாழ்க்கைகளைத் தீர்மானித்துவிட்டன என்று சொன்னால் அது மிகை. 'ஃப்யூனரல்' உண்மையிலேயே வலுவான ஆல்பம். டேவிட் போவி அந்தக் குழுவைத் தேடிவந்து மேடையேறிப் பாடினார். 2011-ல் 'தி சபர்ப்ஸ்' ஆல்பத்துக்காக ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் அவர்கள் வாங்கினார்கள். 'டிராவிஸ்தான்' சுமாரான ஆல்பம். எந்த மார்க் வந்திருந்தாலும் அது காவியம் ஆகியிருக்காது. ஆனாலும் சுமாரான ஆல்பம் நாலோ ஐந்தோ வாங்கிச் சத்தமில்லாமல் மறக்கப்படுவது ஒன்று, பூஜ்யம் வாங்கி ஊர் சிரிப்பது இன்னொன்று. முன்னது விமர்சனம். பின்னதை என்னவென்று சொல்வது?

ராக், இண்டி இசையைச் சுற்றி எழுத்து என்று எது இருந்தாலும் அதன் ஓரத்தில் ஒரு மார்க் ஒட்டிக்கொண்டிருக்கும். நட்சத்திரம், எழுத்து, தசம எண், தரவரிசை என்று வடிவம்தான் மாறும். புதிய ஆல்பம் வெளியான வெள்ளிக்கிழமை மாலைக்குள் ரசிகனே தன் பங்குக்கு ஒன்று போட்டுவிடுகிறான். இந்த வழக்கத்தைப் பாட்டுக்காரர்கள் வெறுக்கிறார்கள், விமர்சகர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். வாசகர்களோ கட்டுரையைப் படிக்கும் முன் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்துவிட்ட ஒரு வழக்கத்தை வெறும் கோளாறு என்று ஒதுக்குவதும் சரியாக இராது. அதில் ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்க வேண்டும்.

அந்த நியாயத்தைத் தேடினால் 1969-க்கும் நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழுக்கும் போக வேண்டும். 27 வயது ராபர்ட் கிறிஸ்ட்காவ் அங்கே 'கன்ஸ்யூமர் கைடு' என்ற பத்தியைத் தொடங்கினார். குளிர்சாதனப் பெட்டிக்கும் காருக்கும் நுகர்வோர் பத்திரிகைகள் தரம் பிரித்துச் சொல்வதுபோல ராக் ஆல்பங்களுக்கும் ஏ பிளஸ் முதல் ஈ மைனஸ் வரை கிரேடு போடும் பத்தி. பாதி கிண்டல்தான். ராக் இசை வியாபாரத்துக்கு அப்பாற்பட்ட புனிதப் பொருள் என்று அப்போது ஹிப்பிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். 'நீ அதைக் காசு கொடுத்துத்தானே வாங்குகிறாய்?' என்று அவர்களைச் சீண்டுவதற்கு அந்தத் தலைப்பு வசதியாக இருந்தது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு சின்னப் பத்தி, நூறு சொல்லுக்கு முன்பின்னாக. கடைசியில் ஓர் எழுத்து.

கிண்டலுக்குள் நிஜமான தேவை ஒன்றும் இருந்தது. ஆல்பத்தில் பத்துப் பாட்டு இருக்கும். ரேடியோவில் அதில் ஒன்றோ இரண்டோதான் ஒலிக்கும். மீதி எட்டும் எப்படி என்று தெரிய வேண்டுமானால் தட்டை வாங்கியே ஆக வேண்டும். பகுதிநேர வேலை பார்த்து மாதத்துக்கு இரண்டு தட்டு வாங்கும் மாணவனுக்கு, ஒரு நல்ல பாட்டையும் ஒன்பது ஒப்பேற்றல்களையும் கட்டித் தலையில் கட்டுவது மோசடி. அந்த மோசடியைக் காட்டிக்கொடுக்கும் வேலையைக் கிரேடு செய்தது. சிடி காலம் முடியும்வரை இந்தத் தேவை தீரவில்லை.

அதைவிட முக்கியமான நன்மை விமர்சகனைப் பற்றியது. ராக் விமர்சனம் மிக எளிதில் புகைமூட்டமாகிவிடும். 'சவாலான படைப்பு', 'சுவாரஸ்யமான முயற்சி' என்று நாலு பத்தி எழுதி, பிடித்ததா பிடிக்கவில்லையா என்றே சொல்லாமல் நழுவிவிடலாம். கிரேடு போட வேண்டும் என்றால் நழுவ முடியாது, ஒரு பக்கம் நின்றுதான் ஆக வேண்டும். பொய் சொன்னாலும் அது பதிவாகிவிடும். 2001-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் அதிபர் ஜான் வென்னர், தன் நெடுநாள் நண்பரும் ராக் பாடகருமான மிக் ஜாகரின் 'காடஸ் இன் தி டோர்வே' ஆல்பத்துக்குத் தன் கையாலேயே ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். அவர் எழுதிய வாக்கியங்கள் யாருக்கும் நினைவில்லை. அந்த ஐந்து நட்சத்திரம் மட்டும் இன்றுவரை கேலிப்பொருளாக நிற்கிறது. முகஸ்துதிக்கு எண்ணைவிடப் பெரிய எதிரி கிடையாது.

மூன்றாவது நன்மை மெதுவாகத்தான் புரியும். ஒரே ஆள் பல்லாண்டு மார்க் போட்டுக்கொண்டே போனால், அந்த மார்க்குகள் அந்த ஆளைப் பற்றிய கணக்காகவும் ஆகிவிடுகின்றன. கிறிஸ்ட்காவ் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்களுக்குக் கிரேடு போட்டிருக்கிறார். எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள் என்று பத்தாண்டுக்கு ஒரு புத்தகமாக அவை தொகுக்கப்பட்டன. அவருக்கு ஹெவி மெட்டல் ஆகாது. நீட்டி முழக்கும் ஆர்ட் ராக் அறவே ஆகாது. ஆப்பிரிக்க இசைக்கும் நறுக்கென்ற பாட்டு வரிகளுக்கும் மயங்குவார். எதையும் அவர் மறைத்ததில்லை. கிங் கிரிம்சனின் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' ஆல்பத்துக்கு டி பிளஸ் போட்டார். ரேடியோஹெட் குழுவின் 'ஓகே கம்ப்யூட்டர்' 1997-ல் வெளிவந்து உலகமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியபோது, பி மைனஸ் என்று எழுதி அந்த மாதத்தின் சொதப்பல் என்ற பட்டியலிலும் சேர்த்தார். இது தவறான மதிப்பீடு என்று பலரும் சொல்வார்கள், சொல்லலாம். ஆனால் அவரைத் தொடர்ந்து படிக்கும் வாசகன் இதில் ஏமாற மாட்டான். தனக்கு ஆர்ட் ராக் பிடிக்குமென்றால், கிறிஸ்ட்காவின் டி பிளஸ் அவனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்த தராசில் நிறுத்துக்கொள்ள முடியும்.

தராசில் ஏற்றப்பட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை. 1978-ல் வெளியான 'டேக் நோ பிரிஸனர்ஸ்' என்ற நேரலை ஆல்பத்தில் ராக் பாடகர் லூ ரீட் பாட்டை நிறுத்திவிட்டுக் கிறிஸ்ட்காவைப் பெயர் சொல்லித் திட்டித் தீர்க்கிறார். ஒருவன் ஒரு வருடம் உழைத்து ஒரு ஆல்பம் கொண்டுவந்தால், ஏதோ பத்திரிகைக்காரன் பி பிளஸ் போடுவதா என்பது அவருடைய கோபம். கிறிஸ்ட்காவ் அந்த ஆல்பத்துக்கும் கிரேடு போட்டார்: சி பிளஸ். கூடவே, தன் பெயரைச் சரியாக உச்சரித்ததற்கு நன்றியும் சொன்னார். வாசிக்கச் சுவையான சண்டை. ஆனால் லூ ரீடின் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது தசமப் புள்ளி வந்த பிறகுதான். மின்னியாபொலிஸ் பகுதியில் ரையன் ஷ்ரைபர் என்ற இளைஞர் தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய பிட்ச்ஃபோர்க், 0.0 முதல் 10.0 வரை 101 படிகள் கொண்ட அளவுகோலைக் கையில் எடுத்தது. கிறிஸ்ட்காவின் ஏ பிளஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மனுஷன் தெரிந்தார். 7.4 என்றால் ஏதோ ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அறிக்கை மாதிரி இருக்கிறது. 7.3-க்கும் 7.4-க்கும் என்ன வித்தியாசம் என்று போட்டவரையே கேட்டாலும் சொல்ல முடியாது. தவிர, பெரும்பாலான ஆல்பங்கள் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. படிகள் 101 என்றாலும் கால் வைத்தது இருபதில்தான்.

துல்லியம் போலி என்பதாவது சிறிய குறை. பெரிய குறை, நேரத்தைப் பற்றியது. அதற்கு ரேடியோஹெட்டையே எடுத்துக்கொள்ளலாம். 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்துக்குப் பிறகு, மூன்று கிட்டார்கள் சேர்ந்து எழுப்பும் அந்தப் பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு 2000 அக்டோபரில் 'கிட் ஏ' வந்தது. முதல் பாட்டு 'எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்'. கிட்டார் இல்லை. புராஃபெட்-5 என்ற பழைய சிந்தசைசரில் ஒரு சுழலும் வரிசை. மேலே பாடகர் தாம் யார்க்கின் குரல் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு அங்கங்கே இறைக்கப்பட்டிருக்கிறது. ஆல்பத்தின் பெயரைக் கொண்ட இரண்டாவது பாட்டில் அந்தக் குரல் குரலாகவே இல்லை. ஒண்ட் மார்ட்டெனோ என்ற ஆதிகால மின்னிசைக் கருவிக்குள் நுழைந்து, பொம்மை பேசுவதுபோல வெளியே வருகிறது. 'தி நேஷனல் ஆந்தம்' பாட்டில் ஒரே பேஸ் வரி விடாமல் ஓட, பித்தளை ஊதுகருவிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போக்குவரத்து நெரிசல்போல அலறுகின்றன. 'இடியோடெக்' பாட்டின் அடியில் இருக்கும் நான்கு ஸ்வரக்கட்டுகள், பால் லான்ஸ்கி என்ற இசையமைப்பாளர் 1973-ல் கணினியில் செய்த ஒரு சோதனைப் படைப்பிலிருந்து வெட்டி எடுத்த சில நொடிகள். விளம்பரத்துக்கென்று தனிப்பாட்டு எதுவும் வெளியிடப்படவில்லை.

இதற்கு என்ன மார்க்? பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' ஐந்துக்கு ஒன்றரை கொடுத்தது. நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி 'நியூயார்க்கர்' இதழில், இரவுக்கிரவு உட்கார்ந்து இப்படி ஓர் ஆல்பத்தோடு மல்லுக்கட்ட பதின்வயதுக்காரனுக்கு நேரம் இருக்கும், வேலைக்குப் போய் வருகிறவனுக்கு ஏது என்ற பொருள்பட எழுதினார். பிட்ச்ஃபோர்க் 10.0 கொடுத்தது. எரிநட்சத்திரம், பிரசவம், மறுவுலகம் என்று உவமைகளைக் குவித்த அந்தக் கட்டுரை விமர்சன எழுத்தின் உச்சமா, உளறலின் உச்சமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. கிறிஸ்ட்காவ், எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, ஏ மைனஸ் கொடுத்தார்.

பத்து வருடம் போனதும் 'ரோலிங் ஸ்டோன்', பிட்ச்ஃபோர்க் இரண்டுமே அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பம் என்று 'கிட் ஏ'வை முதலிடத்தில் வைத்தன. ஆகவே 10.0 ஜெயித்தது, ஒன்றரை தோற்றது என்று சொல்லத் தோன்றும். அது அவசர முடிவு. வெளியான நாட்களில் இரண்டு பேருமே அந்த ஆல்பத்தை ஒரு சில முறைதான் கேட்டிருந்தார்கள். 'இடியோடெக்' முதல் தடவை கேட்கும்போது தாளம் மட்டும்தான் காதில் விழும். அந்த நான்கு கட்டுகளில் இருக்கும் துயரம் பத்தாவது தடவை கேட்கும்போதுதான் பிடிபடும். ஹார்ன்பி சொன்னது ஆல்பத்தைப் பற்றிய குறை என்றார்கள். அது மார்க் போடும் வேலையைப் பற்றிய துல்லியமான விவரணையாகவும் இருக்கிறது. பத்தாவது கேட்பு வரும்வரை காத்திருக்கப் பத்திரிகைக்கு நேரமில்லை. ஒருவர் அவநம்பிக்கையில் குறைத்துப் போட்டார், இன்னொருவர் பரவசத்தில் கூட்டிப் போட்டார். பின்னவருக்குச் சீட்டு விழுந்தது.

சீட்டு விழாத உதாரணங்களுக்குக் குறைவில்லை. நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' 1991-ல் வெளிவந்தபோது 'ரோலிங் ஸ்டோன்' ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான் போட்டது. நான்கே மாதத்தில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு பில்போர்டு பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. நியூட்ரல் மில்க் ஹோட்டலின் 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' 1998-ல் பிட்ச்ஃபோர்க்கிடம் 8.7 வாங்கியது, 2005-ல் மறுபதிப்பு வந்தபோது அதே ஆல்பம், அதே இதழ், 10.0. பாட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. நடுவில் ஏழு வருடம் ரசிகர்கள் கேட்டுக் கேட்டு, கையிலிருந்து கைக்கு மாற்றி, அதன் மேல் ஏற்றிய அர்த்தங்கள்தான் அந்த 1.3.

2021-ல் பிட்ச்ஃபோர்க் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, பழைய மார்க்குகள் சிலவற்றைத் திருத்தி வெளியிட்டது. டாஃப்ட் பங்கின் 'டிஸ்கவரி' 6.4-லிருந்து 10-க்கு ஏறியது. இன்டர்போல் குழுவின் 'டர்ன் ஆன் தி பிரைட் லைட்ஸ்' 9.5-லிருந்து 7.0-க்கு இறங்கியது. நேர்மை என்று சிலர் மெச்சினார்கள். ஆனால் இந்தத் திருத்தத்தில் ஒரு அபத்தம் இருக்கிறது. 2002-ல் இருபது வயதுக்காரனுக்கு இன்டர்போல் 9.5 ஆகத்தான் ஒலித்தது. அந்த எண் அந்தக் காலத்தின் சாட்சி. சாட்சியத்தை அழித்து எழுதினால் மார்க் பங்குச்சந்தை விலை மாதிரி ஆகிவிடுகிறது. பழைய கட்டுரையை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதுவதில் என்ன தடை? எண்தான் தடை. இரண்டு கட்டுரைகள் அருகருகே இருக்கலாம், இரண்டு எண்கள் இருந்தால் ஒன்று பொய் என்று ஆகிவிடுகிறது.

பூஜ்யத்துக்கு வருவோம். லிஸ் ஃபேர் 1993-ல் 'எக்ஸைல் இன் கைவில்' என்ற ஆல்பத்தின் மூலம் இண்டி உலகின் செல்லப்பிள்ளை ஆனவர். அந்த வருடம் 'வில்லேஜ் வாய்ஸ்' நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் அது முதலிடம் பெற்றது. 2003-ல் ரேடியோவுக்கு ஏற்ற பாப் பாட்டுகள் கொண்ட ஆல்பம் ஒன்றைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். பிட்ச்ஃபோர்க் 0.0 போட்டது. அதில் மதிப்பிடப்பட்டது பாட்டுகள் இல்லை. 'எங்கள் ஆளாக இருந்துவிட்டு அவர்கள் பக்கம் போய்விட்டாயே' என்ற ஆத்திரம்தான். எழுதியவரே 2019-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2021 திருத்தத்தில் அந்தப் பூஜ்யம் ஆறாக மாறியது. ஆஸ்திரேலியக் குழுவான ஜெட்டின் 'ஷைன் ஆன்' ஆல்பத்துக்கு 2006-ல் 0.0 போட்டு, கட்டுரை என்று ஒரு வரிகூட எழுதாமல், குரங்கு ஒன்று அசிங்கம் செய்யும் வீடியோவை ஒட்டினார்கள். ஃபுளோரிடாவின் பிளாக் கிட்ஸ் குழுவின் முதல் பாட்டுத்தொகுப்புக்கு 2007-ல் 8.4 போட்டு உச்சியில் ஏற்றிய அதே இதழ், மறு வருடம் அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு 3.3 போட்டு, இரண்டு நாய்களின் படத்தோடு ஒற்றை வார்த்தையில் 'ஸாரி' சொல்லி முடித்துக்கொண்டது. மார்க் போடுவதற்கு ஆதரவாகச் சொன்ன இரண்டாவது நியாயம், அது விமர்சகனை ஒரு பக்கம் நிற்கவைக்கிறது என்பது. இங்கே எண் அதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. காரணம் சொல்லும் பொறுப்பிலிருந்து விமர்சகனை விடுவித்துவிடுகிறது.

ரசிகர்கள் மட்டும் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். வீஸர் குழுவின் 'பிங்கர்டன்' 1996-ல் வந்தபோது, அந்த வருடத்தின் படுமோசமான ஆல்பங்களில் ஒன்றாக 'ரோலிங் ஸ்டோன்' வாசகர்கள் அதற்கு வாக்களித்தார்கள். பாடகர் ரிவர்ஸ் க்வோமோ தன் சொந்த வாழ்க்கையைப் பிட்டுப் பிட்டு வைத்த ஆல்பம் அது. இந்த அடியில் அவர் அதைப் பற்றிப் பேசவே பல காலம் கூசினார். ஆறு வருடம் கழித்து அதே பத்திரிகையின் வாசகர்கள், எக்காலத்துக்குமான சிறந்த ஆல்பங்களின் வரிசையில் முதல் இருபதுக்குள் அதை ஏற்றிவைத்தார்கள்.

எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு: அதற்கு ஒரு காதுதான் இருக்கிறது. மாயா அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ., லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து மீண்டும் லண்டன் போன தமிழ்ப்பெண். தந்தையின் பெயரில் 'அருளர்', தாயின் பெயரில் 'கலா' என்று அவர் வெளியிட்ட ஆல்பங்களை இண்டி ராக் பத்திரிகைகள் கொண்டாடின. 2007-ல் 'கலா'வுக்குப் பிட்ச்ஃபோர்க் கொடுத்தது 8.9, 'ரோலிங் ஸ்டோன்' அதை அந்த ஆண்டின் முதல் ஆல்பம் என்றது. அதன் முதல் பாட்டு 'பாம்பூ பங்கா'. பாஸ்டன் குழுவான மாடர்ன் லவர்ஸின் 'ரோட்ரன்னர்' பாட்டுக்கு அதில் வெளிப்படையான குறிப்பு இருக்கிறது. மேற்கத்திய ராக் விமர்சகன் அதை முதல் நொடியிலேயே பிடித்துவிடுவான். அதே பாட்டில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து வெட்டிய இளையராஜாவின் இசையும் ஓடுகிறது. யேசுதாஸும் எஸ்.பி.பி.யும் சேர்ந்து பாடிய அந்தப் பொங்கல் கும்மாளத்தோடு வளர்ந்த காதுக்கு இது முற்றிலும் வேறு பாட்டு. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் அதிரும் உறுமியும் அப்படித்தான். ஒருவருக்கு அது புதுமையான ஓசை, இன்னொருவருக்குக் கோயில் கொடை. அந்த 8.9-க்குள் இந்த இரண்டாவது கேட்பு எங்கே இருக்கிறது? கட்டுரையாக இருந்தால் எழுதியவர் எதைக் கேட்டார், எதைக் கேட்கவில்லை என்று வரிகளில் தெரிந்துவிடும். எண் அதை மூடிவிடுகிறது.

யார் காது என்ற கேள்வி சின்ன விஷயமில்லை என்பதற்கு 'ரோலிங் ஸ்டோன்' வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலே ஆதாரம். 2003-ல் முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்'. முதல் பத்தில் நான்கு அவர்களுடையவை. 2020-ல் வாக்களிப்பவர்களை மாற்றிப் புதிதாகப் பட்டியல் எடுத்தார்கள். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கும், ஜோனி மிட்செலின் 'ப்ளூ' மூன்றாமிடத்துக்கும் வந்தன. 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' 24-ஆம் இடத்துக்குப் போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவில் விமர்சனத்துக்குப் பலமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பலம் எதில் இருக்கிறது என்பதுதான் விஷயம். மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழுவின் முதல் ஆல்பம் 1972-ல் வந்தது. விமர்சகர்கள் ஒருமனதாகப் புகழ்ந்தார்கள். மறு வருடம் மெம்ஃபிஸில் கூடிய ராக் எழுத்தாளர் மாநாட்டில் அந்தக் குழு வாசித்தபோது, சாதாரணமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் விமர்சகர்கள் ஆடினார்கள். ஆனால் விநியோகக் குளறுபடியால் கடைகளில் தட்டே கிடைக்கவில்லை, குழு கலைந்தது. எந்த ஏ கிரேடும் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரைகள் தங்கின. பழைய தட்டுகளைத் தேடிப் பிடித்துக் கேட்ட அடுத்த தலைமுறையிலிருந்து ஆர்.இ.எம்., ரிப்ளேஸ்மென்ட்ஸ் போன்ற குழுக்கள் வந்தன. ரிப்ளேஸ்மென்ட்ஸ் 1987-ல் பிக் ஸ்டார் பாடகர் அலெக்ஸ் சில்டனின் பெயரிலேயே ஒரு பாட்டு போட்டது. விற்பனையை அசைக்காத புகழ்ச்சி, பதினைந்து வருடம் கழித்து வேலை செய்தது.

இப்போது நிலைமை தலைகீழ். எந்த ஆல்பமும் கைப்பேசியில் இரண்டு தட்டலில் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் எச்சரிக்க வேண்டும் என்ற கிறிஸ்ட்காவின் நியாயம் ஏறக்குறைய காலாவதியாகிவிட்டது. ஆனால் எண் ஓயவில்லை, இன்னும் பெருகியிருக்கிறது. 2001-ல் வந்த மெட்டாக்ரிட்டிக், எல்லாப் பத்திரிகைகளின் நட்சத்திரத்தையும் எழுத்தையும் தசமத்தையும் நூற்றுக்கு மாற்றி, சேர்த்துச் சராசரி போடுகிறது. இந்த வழக்கத்தின் ஆகக் கெட்ட வடிவம் இதுதான். சாய்வு தெரிந்த ஒரு ஆளின் மார்க்கை வாசகன் தனக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். நாற்பது பேரின் சராசரியில் யார் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'கிட் ஏ' மாதிரி ஒருவர் ஒன்றரையும் இன்னொருவர் பத்தும் கொடுக்கும் ஆல்பம்தான் பேசத் தகுந்தது. சராசரியில் அது நடுத்தரத்தை நோக்கி இழுக்கப்படுகிறது; யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத, யாருக்கும் வெறுப்பும் தராத ஆல்பம் அதே உயரத்தில் பக்கத்தில் வந்து நிற்கிறது.

யூடியூபில் 2009 முதல் ஆல்பங்களை விமர்சிக்கும் ஆன்டனி ஃபான்டானோ, இந்த விஷயத்தில் கிறிஸ்ட்காவின் வாரிசு என்று சொல்லலாம். ஒரே முகம், ஒரே குரல். ஆல்பம் பிடித்திருந்தால் மஞ்சள் கட்டம் போட்ட சட்டை, வெறுத்திருந்தால் சிவப்பு. பிட்ச்ஃபோர்க் 10.0 கொடுத்த கான்யே வெஸ்ட்டின் 'மை பியூட்டிஃபுல் டார்க் ட்விஸ்டட் ஃபேன்டஸி'க்கு அவர் கொடுத்தது ஆறு. ரசிகர்கள் அதற்காக வருடக்கணக்கில் அவரைத் திட்டுகிறார்கள், ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். கஷ்டம் என்னவென்றால், பத்து நிமிடப் பேச்சின் கடைசி மூன்று நொடியை மட்டும் வெட்டி எடுத்துச் சுற்றுக்கு விடுகிறார்கள். அந்தத் துண்டைப் பார்த்தவர்களில் பலர் அந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்லை.

பிட்ச்ஃபோர்க்கை 2015-ல் கான்டே நாஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2024 ஜனவரியில் ஆட்களைக் குறைத்து, ஜிக்யூ என்ற ஆண்கள் பத்திரிகையின் கீழ் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கிறிஸ்ட்காவை 'வில்லேஜ் வாய்ஸ்' 2006-லேயே வேலையை விட்டு அனுப்பிவிட்டது. எண்களைப் போட்டவர்களுக்கு வேலை போய்க்கொண்டிருக்கிறது. எண் மட்டும் வேலையில் நீடிக்கிறது.

ஆகவே தீர்ப்பு இதுதான்: கிரேடு இருக்கட்டும், ஆனால் ஒரு பெயரின் கீழ், காரணத்தோடு, ஒரு முறை போட்டதை அழிக்காமல் இருக்கட்டும். தசமப் புள்ளி போகட்டும். சராசரி கட்டாயம் போகட்டும். ஒரு புதிய ஆல்பத்தின் மார்க் கண்ணில் படும்போது ரசிகர்கள் ஒன்று செய்யலாம். போட்டவரின் பெயரைப் பாருங்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த மூன்று பழைய ஆல்பங்களுக்கு அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படியுங்கள். அதற்குப் பிறகு புதிய ஆல்பத்துக்கு அவர் போட்ட எண்ணை நம்புவதா, நேர்மாறாக எடுத்துக்கொள்வதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.